எர்த் பின்னை வெட்டச் சொல்லாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வீட்டுலயே பாட்டு ரெக்கார்டிங் பண்ற பசங்களைப் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, மைக் எங்க வைக்கணும், எதிரொலி வராம இருக்க சுவத்துல என்ன தொங்கவிடணும்னு எல்லாம் சரியா சொல்லியிருந்தாங்க. ஆனா கீழ ஓரமா ஒரு பெட்டிச்செய்தி, ஸ்பீக்கர்ல ம்ம்ம்ம்னு ஹம் அடிச்சா பிளக்ல எர்த் பின்னை எடுத்துட்டு டூ பின் கன்வர்ட்டர் போட்டு சொருகுங்க, உடனே நின்னுடும்னு. நிக்கும், சில வீட்டுல. கூடவே ஆள் மூச்சும் நிக்க வாய்ப்பிருக்கு. மதுரைல ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ரிப்பேர், வீட்டு ஸ்டுடியோவுக்கு கேபிள் வயரிங், இதுதான் என் பொழப்பு. அதனால லெட்டர் கொஞ்சம் நீளமா போகும், முடிஞ்சா சுருக்காம போடுங்க.

சும்மா பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. இங்கிலாந்துல யார்ட்பேர்ட்ஸ்னு ஒரு பேண்ட், அதுல பாடின கீத் ரெல்ஃப் 1976 மே மாசம் தன் சொந்த வீட்டுல கிட்டார் வாசிச்சுட்டு இருக்கும்போதே எர்த் சரியில்லாம ஷாக் அடிச்சு செத்துப்போனார், 33 வயசு. அதுக்கும் முன்னாடி 1972 மே 3, ஸ்வான்சீங்கற ஊர்ல மேடைல வச்சு லெஸ்லி ஹார்வின்னு ஒரு கிட்டாரிஸ்ட், ஸ்டோன் த க்ரோஸ் குரூப்காரர், எர்த் இல்லாத மைக்கை தொட்டு அங்கயே போய்ட்டார். ரெண்டு பேருமே தொழில் தெரிஞ்சவங்க, விளையாட்டுப் பசங்க இல்ல.

எப்படி நடக்குதுன்னா, கிட்டார் கம்பி ஜாக் வழியா ஆம்ப்போட பாடிக்கு போய் அங்கருந்து எர்த்துக்கு போகுது. மைக் முகத்துல இருக்கற கம்பி வலை, கேபிள் ஷீல்டு (வயரைச் சுத்தியிருக்கற கம்பி உறை) வழியா இன்டர்ஃபேஸுக்கு (மைக்கையும் கிட்டாரையும் லேப்டாப்போட இணைக்கற பொட்டி) போய் அங்கருந்து லேப்டாப்புக்கு போகுது. இதுல ஒரு பக்கம் ஒழுங்கா எர்த்ல இருக்கு, இன்னொரு பக்கம் எர்த் பின் வெட்டுன பொட்டி, உள்ள எங்கயோ ஃபேஸ் வயர் உரசி பாடில கரண்ட் நிக்குதுன்னு வைங்க. கை கம்பி மேல, உதடு மைக் மேல, நடுவுல நெஞ்சு. எர்த் பின் இருந்திருந்தா அந்த பொட்டி சொருகுன உடனே ட்ரிப் ஆகியிருக்கும், நமக்கும் இதுல கோளாறுன்னு தெரிஞ்சிருக்கும். பின்னை வெட்டிட்டா கோளாறு அப்படியே இருக்கும், யாராவது தொடற வரைக்கும் தெரியாது.

இந்த பின்னை வெட்டற ஐடியா எங்கருந்து வருதுன்னா பாதி யூடியூப்தான். அங்க பேசறவங்க பாதிப்பேர் அமெரிக்காக்காரங்க, அவங்க ஊர்ல 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், வீட்டுல எர்த் இருக்குங்கறதை எடுத்துக்கிட்டுதான் பேச்சையே ஆரம்பிக்கறாங்க. ரெண்டு பொட்டிக்கும் தனித்தனியா எர்த், நடுவுல ஆடியோ கேபிளோட ஷீல்டு, மூணும் சேர்ந்து ஒரு வளையம், அதுல கரண்ட் சுத்தி ஹம் வருது, அதான் கிரவுண்ட் லூப், அதனால ஏதாவது ஒரு எர்த்தை விடுங்கறது கணக்கு. நம்ம ஊர் வாடகை வீடுகள்ல நான் பாக்கறது பெரும்பாலும் நேர் எதிர் சார், எர்த் ரெண்டா இருந்து வர்ற சத்தம் இல்ல, எர்த்தே இல்லாம வர்ற சத்தம். அதுக்கும் எர்த்தை வெட்டுன்னா என்னத்தை வெட்டறது. (இதுல இன்னொரு கூத்து, ஹம் எடுக்கற சாஃப்ட்வேர் பிளக்இன்ல 60 ஹெர்ட்ஸ் செட்டிங்கை அப்படியே போட்டுட்டு ஒண்ணுமே குறையலைன்னு ஃபோன் பண்ணுவாங்க. நம்மளது 50 தம்பி.)

எர்த் இல்லாம ஏன் சத்தம் வருதுன்னு கேட்டா, இப்ப லேப்டாப் சார்ஜர், ஸ்பீக்கர் சப்ளை, கீபோர்டு அடாப்டர் எல்லாமே எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்டை படுவேகமா ஆன் ஆஃப் பண்ணி மாத்தற சப்ளை. அதுக்குள்ள உருவாகற குப்பை நாய்ஸை எர்த்துக்கு தள்ளிவிடறதுக்குன்னே த்ரீ பின் சப்ளைல குட்டியா ரெண்டு கெபாசிட்டர் வச்சிருப்பாங்க, ஒண்ணு ஃபேஸ்ல இருந்து எர்த்துக்கு, ஒண்ணு நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு. எர்த் இருந்தா குப்பை போய்டும். இல்லைன்னா அந்த ரெண்டு கெபாசிட்டரும் 230-ஐ பாதியா பிரிச்சு பொட்டியோட பாடில 115 வோல்ட் கிட்ட நிப்பாட்டி வச்சிரும். லேப்டாப் மேல மணிக்கட்டு வச்சா எறும்பு ஊர்ற மாதிரி குறுகுறுன்னு இருக்குல்ல, மைக்ல உதடு பட்டா சுருக்குன்னு இருக்குல்ல, அதேதான். அதுல வர்ற கரண்ட் ஆளைக் கொல்ற அளவு கிடையாது, ஆனா அது போறதுக்கு வழி தேடும், கிடைக்கற வழி உங்க ஆடியோ கேபிள் ஷீல்டு, ஸ்பீக்கர்ல கொர்ர்ர்னு கேக்கறது அதுதான்.

இதைவிட மோசமான ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகியிருக்கோம், பாக்ஸுக்குள்ள எர்த் ஓட்டை எல்லாத்தையும் ஒரே பித்தளைப் பட்டை இணைக்குது, ஆனா பாக்ஸை சொருகின சுவத்து பாயின்ட்ல எர்த் இல்ல. இப்ப பழைய ஆம்ப் ஒண்ணுல ஃபேஸ் பாடில பட்டுச்சுன்னா அந்த 230 வோல்ட் பட்டை வழியா கூட இருக்கற எல்லா பொட்டியோட பாடிக்கும் போய்டும், இன்டர்ஃபேஸுக்கு, அங்கருந்து மைக்குக்கு. ஆம்ப் பக்கமே போகாதவங்களுக்கும் ஷாக் அடிக்கும்.

போன மழைக்காலத்துல புதூர் பக்கம் ஒரு மாடி வீடு. அந்தம்மா ஆன்லைன்ல பாட்டு கிளாஸ் எடுக்கறாங்க, வீட்டுக்காரர் ரெக்கார்டிங் மிக்ஸிங் பாத்துக்கறார். "அண்ணே, தம்புரால ஏதோ அலை அடிக்குது, ஊவ் ஊவ்னு ஏறி இறங்குது, ஆப் கெட்டுப்போச்சா பாருங்க"ன்னு கூப்பிட்டார். அந்தம்மா பாடற ஸ்ருதி அஞ்சு கட்டை. அஞ்சு கட்டைன்னா சா 196 ஹெர்ட்ஸ். கரண்ட் 50, ஹம்முன்னு வந்தா 50 மட்டும் வராது, 100, 150, 200னு அதோட மடங்கு எல்லாம் சேந்துதான் வரும். 196-ம் 200-ம் ஒண்ணா ஒலிச்சா செகண்டுக்கு நாலு தரம் ஏறி இறங்கும், அதான் அவருக்கு அலையா கேட்டிருக்கு. ஆப் மேல ஒரு குத்தமும் இல்ல. ஈக்யூல (ஈக்வலைசர்) 200-ஐ வெட்டிப் பாத்திருக்கார், சா ஸ்வரமும் சேந்து போய் தம்புரா டப்பா சத்தமாய்டுச்சு. பெண் குரல் நிறைய பேருக்கு அஞ்சு, அஞ்சரைதான் ஸ்ருதி, அதனால நம்ம ஊர் கரண்ட்டுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் இந்த தகராறு அடிக்கடி வரும்.

நான் போறதுக்குள்ள அவர் கேபிள் எல்லாம் புதுசா மாத்திட்டார், பவர் கண்டிஷனர்னு ஒரு கறுப்புப் பொட்டியும் வாங்கி வச்சிருந்தார், விலையைக் கேட்டா தலை சுத்தும். மெயினை ஆஃப் பண்ணிட்டு சுவிட்ச்போர்டை கழட்டினோம். உள்ள பச்சை வயர் இருக்கு, சுருட்டி கறுப்பு டேப் சுத்தி ஓரமா படுத்திருக்கு. சாக்கெட்ல மேல பெரிய ஓட்டைக்குப் பின்னாடி இருக்கற எர்த் ஸ்க்ரூ மினுமினுன்னு கடைல வாங்குன மேனிக்கு இருக்கு, வீடு கட்டுன நாள்ல இருந்து ஸ்க்ரூடிரைவரே படல. கீழ மீட்டர் போர்டுக்கு போனா மண்ணுக்குள்ள இருக்கற எர்த் குழில இருந்து வர்ற எர்த் வயர் கிளாம்ப் துருப்பிடிச்சு கையோட வருது. லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருத்தரை வச்சு கிளாம்ப் மாத்தி, மாடி வரைக்கும் எர்த் கன்டின்யூட்டி பாத்து, சாக்கெட்டுக்கு எல்லாம் பச்சை வயரைக் குடுத்ததும் அலை நின்னுடுச்சு. வயர்மேன் கூலி, அந்த கறுப்புப் பொட்டி விலைல ஓரத்துக்கு காணாது. அந்த பொட்டியும் வேலை செய்யலைன்னு சொல்லக்கூடாது, அதுக்குள்ள இருக்கற ஃபில்டர் நாய்ஸை எர்த்துக்கு தள்றதுதான், தள்றதுக்கு எர்த் இருக்கணும்ல. ஸ்பைக் பஸ்டரும் இதே கதைதான்.

இனி வீட்டுல சத்தம் வந்தா எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னு சொல்றேன். முதல்ல சத்தம் ரெக்கார்டிங்ல ஏறுதா இல்ல ஸ்பீக்கர்ல மட்டும் கேக்குதா, இதைப் பிரிச்சிருங்க, ஹெட்ஃபோன் போட்டு ரெக்கார்ட் பண்ணதைக் கேட்டாலே தெரிஞ்சிரும். பாதிப்பேர் ஸ்பீக்கர் பக்கம் இருக்கற கோளாறுக்கு மைக்கை மாத்திக்கிட்டு இருக்காங்க. ஸ்பீக்கர்ல மட்டும்னா பின்னாடி சொருகியிருக்கற ஆடியோ கேபிளை உருவுங்க (வால்யூம் குறைச்சுட்டு, இல்லைன்னா டமால்னு அடிக்கும்). சத்தம் அப்பவும் இருந்தா ஸ்பீக்கர்லயே கோளாறு. நின்னுடுச்சுன்னா கேபிளை திரும்ப சொருகிட்டு லேப்டாப் சார்ஜரை உருவி பேட்டரில ஓட்டிப் பாருங்க. மவுஸ் நகர்த்தினா கீங் கீங்னு கூடவே ஒரு ஊசிச் சத்தம் வருதே, அது பெரும்பாலும் சார்ஜரை எடுத்ததும் காணாமப் போகும். லேப்டாப் சத்தம் யூஎஸ்பி வயரோட கிரவுண்ட் வழியா வந்து ஆடியோ கேபிள்ல ஏறுதுன்னு அர்த்தம்.

காதாலயே ஓரளவு ஆள் அடையாளம் கண்டுபிடிக்கலாம். மொழுமொழுன்னு அடி சத்தமா ம்ம்ம்ம்னு வந்தா அது 50, ஒண்ணு கிரவுண்ட் லூப்பா இருக்கும், இல்லைன்னா பக்கத்துல ட்ரான்ஸ்ஃபார்மர் ஏதோ இருக்கு. பர்ர்ர்னு கூர்மையா 100-ம் அதுக்கு மேல உள்ளதும் சேந்து வந்தா ஃபேன் ரெகுலேட்டர், லைட் டிம்மர், மட்டமான எல்இடி பல்பு, இல்லை கரண்ட் போய் ஓடற பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ஃபேனை ஆஃப் பண்ணுங்க, சத்தம் நின்னா ரெகுலேட்டரை ஸ்டெப் டைப் கெபாசிட்டர் ரெகுலேட்டரா மாத்திருங்க, வேற வைத்தியம் தேவையில்ல. கிட்டாரைக் கைல வச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே ஒரு சுத்து திரும்புங்க, ஒரு திசைல சத்தம் செத்து இன்னொரு திசைல ஏறினா அது காந்தப்புலம், சிங்கிள் காயில் பிக்அப் (கிட்டார் கம்பி அதிர்றதை சிக்னலா மாத்தற ஒத்தைக் காயில்) ஆன்டெனா மாதிரிதான் வேலை செய்யும். இதுக்குத்தான் கிப்சன் கம்பெனில சேத் லவர் 1955-ல ரெண்டு காயிலை எதிரெதிரா சுத்தி ஹம்பக்கர் செஞ்சார். வீணை வயலின்ல ஒட்டற பிக்அப்புக்கு இன்டர்ஃபேஸ்ல இன்ஸ்ட்ருமென்ட்னு போட்டிருக்கற சுவிட்சை அமுக்குங்க, சாதா லைன் இன்புட்ல குடுத்தா அடி சத்தமே இல்லாம இளைச்சுப் போய் வரும், கெய்ன் ஏத்த ஏத்த நாய்ஸ்தான் ஏறும்.

எர்த் சரியா இருந்தும் ம்ம்ம்ம் வருதுன்னா அப்பதான் நிஜமான கிரவுண்ட் லூப். ஸ்பீக்கரை ஏசி பாயின்ட்லயும் லேப்டாப்பை எதிர் சுவத்துலயும் சொருகாதீங்க, எல்லாத்தையும் ஒரே பாயின்ட்ல இருந்து ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல எடுங்க. வீட்டு ஸ்டுடியோ எல்லாம் சேத்து இழுக்கற கரண்ட் ஒரு அயன் பாக்ஸ் அளவு கூட வராது, லோடு தாங்குமான்னு பயப்பட வேணாம். அப்புறம் இன்டர்ஃபேஸ்ல இருந்து ஸ்பீக்கருக்கு ஆர்சிஏ ஒயரை விட்டுட்டு பேலன்ஸ்டு கேபிள் போடுங்க, எக்ஸ்எல்ஆர் பிளக்கோ டிஆர்எஸ் பிளக்கோ வச்சது. அதுல சிக்னல் ரெண்டு வயர்ல நேரும் தலைகீழுமா போகும், வழில ஏறுற ஹம் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏறும், ஸ்பீக்கர் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கும், ஹம் அடிபட்டுப் போகும். எர்த்தைத் தொடாமலே தீர்ற விஷயம் சார் இது, கேபிள்தான் மாத்தணும்.

யாரும் சந்தேகப்படாத ஆள் ஒருத்தர் உண்டு, கேபிள் டிவி வயர். கம்ப்யூட்டர்ல இருந்து எச்டிஎம்ஐ போட்டு டிவியை ரெண்டாவது ஸ்க்ரீனா வச்சிருப்பாங்க, டிவில செட்டாப் பாக்ஸ், அதுல தெருக்கம்பத்துல இருந்து வர்ற கேபிள். அந்த கேபிளோட வெளிக்கம்பி ஊர்ல எங்கெங்கயோ எர்த் ஆகி உங்க ஸ்டுடியோவுக்குள்ள வந்து நிக்குது. செட்டாப் பாக்ஸ் பின்னாடி அந்த ஒரு ஸ்க்ரூ கனெக்டரைக் கழட்டினதும் ஹம் பட்டுன்னு நிக்கறதை நிறைய வீட்டுல பாத்திருக்கேன். நெட்டுக்கு வர்ற ஃபைபர்ல இந்த வம்பு இல்ல, லேன் வயர் சாதா வயரா இருந்தா அதுலயும் இல்ல, உள்ளயே ட்ரான்ஸ்ஃபார்மர் பிரிச்சு வச்சிருக்கும்.

இவ்வளவும் பண்ணி ஒரு மூலைல லூப் இருந்தா டிஐ பாக்ஸோ (கிட்டார், கீபோர்டு சிக்னலை பேலன்ஸ்டா மாத்தற குட்டிப் பொட்டி) ஆடியோ ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரோ போடுங்க. டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அது ஆடியோ கேபிள்ல ஷீல்டை மட்டும்தான் விடுது, கரண்ட் பிளக்கோட எர்த் அப்படியே இருக்கும், அதுல பயம் இல்ல. உங்க பெட்டிச்செய்தி எழுதினவர் இது ரெண்டையும் போட்டுக் குழப்பிட்டார்னு நினைக்கிறேன்.

வீட்டுல எர்த் இருக்கான்னு எப்படி பாக்கறது? மல்டிமீட்டர் வச்சு, பழக்கம் இல்லாதவங்க தயவு செஞ்சு வயர்மேனை விட்டே பாருங்க, ஃபேஸ் நியூட்ரல் 230 கிட்ட, ஃபேஸ் எர்த்தும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரல் எர்த் ஒண்ணு ரெண்டு வோல்ட். ஃபேஸ் எர்த் 80, 120னு நிலையில்லாம ஆடினா அந்த ஓட்டைல எர்த் இல்ல. நியூட்ரல் எர்த் சுத்தமா பூஜ்யம்னு காட்டி, ஹீட்டரைப் போட்டாலும் அசையலைன்னா சந்தோஷப்படாதீங்க, எவனோ சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயர்ல சேத்து வச்சிருக்கலாம். இது நம்ம ஊர்ல நிறைய நடக்குது. வெளிய நியூட்ரல் கட் ஆச்சுன்னா வீட்டுல எல்லா பொட்டி பாடிலயும் ஃபேஸ் வந்து உக்காந்துரும்.

டெஸ்ட் லாம்ப் வச்சு, பல்பு எரியுது எர்த் சூப்பர்னு சொல்றதையும் நம்பாதீங்க. எர்த் 50 ஓம்ஸ்னு கெட்டுக் கிடந்தாலும் 100 வாட்ஸ் பல்பு பளிச்சுன்னுதான் எரியும். ஆனா அதே 50 ஓம்ஸ்ல பாடில ஃபேஸ் பட்டா போற கரண்ட் 4.6 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா ட்ரிப் ஆகற சுவிட்ச்) அசையாது, பாடில கரண்ட் நின்னுக்கிட்டே இருக்கும். குழியை எர்த் டெஸ்டர் வச்சு அளக்கணும். கரி உப்பு போட்ட பழைய குழில பைப்பை உப்பே தின்னிருக்கும், சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சா இன்னும் மோசம், சில வீட்டுல குழி மேலயே டைல்ஸ் ஒட்டி மூடிட்டாங்க. கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே ட்ரிப் ஆகற சுவிட்ச்) கட்டாயம் போடுங்க, எர்த் சுமாரா இருந்தாலும் அது காப்பாத்தும், போட்டுட்டு அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை அப்பப்ப அமுக்கிப் பாருங்க. ட்ரிப் ஆகிட்டே இருக்குன்னு அதை பைபாஸ் பண்றவங்க கிட்ட நான் வேலைக்குப் போறதில்ல.

இன்னொண்ணு, ஸ்டுடியோவுக்குன்னு தனியா கொல்லைல ஒரு ராடு அடிச்சு சுத்தமான எர்த்னு அதை மட்டும் குடுக்கறது. மூடநம்பிக்கை. வீட்டு மெயின் எர்த்தோட சேக்காம தனி எர்த் வச்சா இடி மின்னல் நேரத்துல ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ஆயிரக்கணக்குல வோல்ட் வித்தியாசம் வரும், அது பாயறது உங்க இன்டர்ஃபேஸ் வழியாத்தான். ராடு அடிங்க, தாராளமா, ஆனா மெயின் எர்த்தோட இணைச்சிருங்க.

வாடகை வீட்டுல இதுக்கெல்லாம் யார் செலவு பண்றதுன்னு கேப்பாங்க. எர்த் வீட்டோட சேந்தது, மோட்டார் தண்ணித்தொட்டி மாதிரி ஓனர் பொறுப்புதான்னு நான் சொல்வேன், அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு சாக்கெட்டை அளந்து பாத்துட்டு பேசறது நல்லது. புதூர்ல ஓனர் முதல்ல "இருபது வருஷமா இல்லாத எர்த்து உங்களுக்கு மட்டும் எதுக்கு"ன்னுதான் கேட்டார், வாஷிங் மெஷின் தொட்டா ஷாக் அடிக்குதுன்னு அவங்க வீட்டம்மா கீழருந்தே குரல் குடுத்தாங்க, அதுக்கப்புறம் கிளாம்ப், வயர் செலவு அவர், மேல சாக்கெட் வேலை இவங்கன்னு முடிஞ்சுது.

இப்படிக்கு,
ஆம்ப் ரிப்பேர் பாக்கற வாசகர், மதுரை.
(பேரு போட வேணாம் சார், கஸ்டமர் வீட்டுக் கதை எல்லாம் எழுதியிருக்கேன்.)